செவ்வாய் வேண்டாம், புதன் போங்கள்: வேல்ஸ் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடம்

கார்டிஃப் விரிகுடாவில் இருக்கும் வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, தண்ணீர் ஓரமாக நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கட்டடம் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே நமக்குக் கிடைக்கும் உண்மையான சேவை பார்வையாளர் மாடத்தில் இருக்கிறது. அவை கூடும் நாளில் யார் வேண்டுமானாலும் போய், ஒரு பென்னி செலவில்லாமல், நம் மருத்துவமனையையும் பல் மருத்துவரையும் ரயிலையும் பற்றிப் பேசுகிறவர்களை நேரில் கேட்கலாம். நான் எழுதுவது அந்த மாடத்தைப் பற்றி. கார்டிஃப், நியூபோர்ட், ஸ்வான்சீ பக்கம் வந்து குடியேறியிருக்கும் தமிழர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நம்மில் பலர் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் வேலை செய்கிறோம். அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று முடிவாகும் அறையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றால், அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் வார்டு செவிலியர். கார்டிஃபுக்கு வடக்கே பான்டிப்ரித்தில் குடியிருக்கிறேன். ஷிப்ட் வேலை என்பதால் வாரநாட்களில் பகல் நேரம் கிடைக்கும், அதனால்தான் இதெல்லாம் எனக்குச் சாத்தியமாகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், புதன்கிழமை போங்கள். மதிப்பெண் கேட்டால் செவ்வாய்க்கு ஐந்தில் இரண்டரை, புதனுக்கு நாலரை.

போகும் வழியே இந்த மதிப்புரையின் ஒரு பகுதிதான். பான்டிப்ரித்தில் இருந்து கார்டிஃப் பே நிலையத்துக்கு 2024 ஜூனில் இருந்து நேர் ரயில் ஓடுகிறது. அதற்கு முன் கார்டிஃப் குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி, விரிகுடாவுக்குப் போய்வரும் குட்டி ரயிலுக்கு மாற வேண்டும். இந்தப் பாதை நிலக்கரிக்காகப் போடப்பட்டது. டாஃப் வேல் ரயில்பாதை என்று பெயர்; திட்டமிட்டவர் பொறியாளர் புரூனல். 1840-41 இல் மெர்தர் ஊர் வரை திறந்தார்கள். மலையில் வெட்டிய கரி இந்த வழியாகத்தான் கப்பலுக்குப் போனது. செனெத்துக்குப் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் நிற்கும் பியர்ஹெட் கட்டடம் 1897 இல் துறைமுகத்துக்காகக் கட்டியது. கரி போய்விட்டது, பாதை இருக்கிறது, அதன் முனையில் இப்போது நாடாளுமன்றம் உட்கார்ந்திருக்கிறது. 2024 நவம்பரில் இருந்து இந்தப் பள்ளத்தாக்குப் பாதைகளில் புதிய ரயில்கள் வரத் தொடங்கின. மேலே கம்பி இருக்கும் இடத்தில் மின்சாரத்தில் ஓடும்; பழைய தாழ்வான பாலங்களுக்கு அடியில் கம்பி கட்ட இடமில்லாத இடங்களில் பேட்டரியில் ஓடும். பாலங்களை எல்லாம் இடித்துக் கட்டாமல் இப்படி ஒரு வழி கண்டுபிடித்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கட்டடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைத்தது. 2006 மார்ச் 1, வேல்ஸின் புனித டேவிட் நாளன்று திறந்தார்கள். சுற்றிலும் கண்ணாடி, தரையில் வேல்ஸ் பலகைக்கல், கூரையின் அடிப்பக்கம் சிவப்பு தேவதாரு மரம் அலை அலையாக. நடுவே புனல் போல ஒன்று மரத்தாலேயே இறங்கி வருகிறது. அந்தப் புனலுக்கு நேர் கீழேதான் அவை மண்டபம். கூரை மேல் இருக்கும் தொப்பி காற்றின் திசைக்கு ஏற்பத் திரும்பி உள்ளே காற்றோட்டம் தரும். வாசலில் விமான நிலையம் போலப் பையைச் சோதிப்பார்கள். அப்புறம் மாடம். நாம் மேலே, உறுப்பினர்கள் கீழே, நடுவில் கண்ணாடி. பேச்சைக் கேட்கக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி உண்டு. தலைக்கு மேலே உட்கார்ந்து பார்க்கிற இந்த அமைப்பு தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

சரி, செவ்வாய்க்கு ஏன் இரண்டரை? மதியம் ஒன்றரை மணிக்கு முதலமைச்சர் கேள்வி நேரம் தொடங்கும். எல்லோரும் பார்க்க விரும்புவது இதைத்தான். மாடமும் நிரம்பும், முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்வது நல்லது. 2025 இல் முதலமைச்சர் லேபர் கட்சியின் எலினெட் மோர்கன், எதிரே கன்சர்வேடிவ் கட்சியின் டேரன் மில்லர், வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் ரின் ஆப் யோர்வெர்த். கட்சித் தலைவர்களுக்கு ஆளுக்கு மூன்று கேள்வி. மற்ற உறுப்பினர்களின் கேள்விகள் குலுக்கலில் வரும். அச்சில் இருக்கும் கேள்வி எப்போதும் சாதுவாக இருக்கும்: இன்ன ஊரில் பல் மருத்துவ வசதி பற்றி முதலமைச்சர் அறிக்கை தருவாரா? முதலமைச்சர் எழுதி வைத்த இரண்டு வரியை வாசிப்பார். அடுத்து வரும் துணைக் கேள்வியில்தான் கத்தி இருக்கும். அதற்கு வரும் பதிலில் நிறைய நேரம் எதிர்க்கட்சியின் பழைய கணக்குதான் வரும். நீங்கள் லண்டனில் ஆண்டபோது என்ன செய்தீர்கள், உங்கள் பட்ஜெட் யோசனையில் இதற்குப் பணம் எங்கே, இப்படி.

காத்திருப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை சிகிச்சைக்கான காத்திருப்பு 2024 கடைசியில் 8 லட்சத்தை ஒட்டி வந்தது. வேல்ஸின் மொத்த மக்கள்தொகையே 31 லட்சம்தான். எதிர்க்கட்சி அந்த 8 லட்சத்தைச் சொல்லும். அரசு உடனே, அது சிகிச்சைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை என்று சொல்லும். ஒருவர் கண்ணுக்கும் முழங்காலுக்கும் காத்திருந்தால் இரண்டு என்று எண்ணுகிறார்கள். ஆட்கள் என்று பார்த்தால் ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத் தேவைப்படுவது வேறு. முழங்கால் மாற்று அறுவைக்கு இரண்டு வருடம் காத்திருக்கும் அம்மா அதற்குள் நடப்பதையே விட்டுவிடுகிறார். தசை கரைகிறது. அறுவை முடிந்த பிறகு வார்டில் அவரை எழுப்பி நிற்க வைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையின் வேகத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே வருவதில்லை. பத்து நிமிடத்தில் மருத்துவமனை, பள்ளிக்கூடம், பண்ணை வரி, மருத்துவமனை என்று தாவிக்கொண்டே இருக்கும்.

புதன்கிழமை வேறு மாதிரி. அன்றைக்கு முதலமைச்சர் இல்லை, துறை அமைச்சர்கள். சுழற்சி முறையில் சில வாரங்களுக்கு ஒருமுறை சுகாதாரத் துறைக்கு முறை வரும். சுகாதார அமைச்சர் (2025 இல் ஜெரமி மைல்ஸ்) எழுந்து நின்று முக்கால் மணி நேரம் சுகாதாரம் ஒன்றுக்கே பதில் சொல்ல வேண்டும். பிறகு உறுப்பினர்கள் தலா 90 வினாடி பேசும் நேரம், குழு அறிக்கைகள் மீதான விவாதம், மக்கள் கொடுத்த மனுக்கள் மீதான விவாதம், எதிர்க்கட்சி கொண்டுவரும் விவாதம். எல்லாம் முடிந்து வாக்கெடுப்பு. அதற்குப் பிறகும் ஒரு குறு விவாதம் உண்டு. ஒரே ஒரு உறுப்பினர் தனக்கு முக்கியமான ஒன்றை எடுத்து அமைதியாகப் பேசுவார், அமைச்சர் பதில் சொல்வார். அந்த நேரத்தில் அவையில் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் போய்விடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். கைத்தட்டலுக்காக யாரும் பேசுவதில்லை என்பதால் பேச்சில் சரக்கு இருக்கும்.

நான் கேட்டவற்றில் மனதில் நின்றது, மருத்துவமனையில் இருந்து வீட்டுக்குப் போக முடியாமல் கிடப்பவர்களைப் பற்றிய விவாதங்கள். உடல் தேறிவிட்டது, மருத்துவர் போகலாம் என்று சொல்லிவிட்டார், ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ளப் பராமரிப்பாளர் ஏற்பாடாகவில்லை. அதனால் படுக்கையிலேயே இருக்கிறார். எந்த மாதக் கணக்கை எடுத்தாலும் வேல்ஸில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படுக்கை காலியாகாததால் அவசரப் பிரிவில் ஒருவர் தள்ளுவண்டியில் கிடக்கிறார், அவர் உள்ளே வர முடியாததால் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, அந்த ஆம்புலன்ஸ் வராததால் எங்கோ ஒரு சமையலறைத் தரையில் விழுந்த முதியவர் விழுந்தபடியே இருக்கிறார். இந்தச் சங்கிலியை ஒரு உறுப்பினர் முதல் கண்ணியில் இருந்து கடைசிக் கண்ணி வரை விடாமல் விவரித்ததைக் கேட்டபோது, எங்கள் வேலையை ஒருவர் புரிந்துவைத்திருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது. மருத்துவமனை சுகாதார வாரியத்தின் கையில், பராமரிப்பு உள்ளாட்சியின் கையில். இரண்டுக்கும் பணம் கொடுக்கிற அரசு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அங்கே பேசினால் பயன் உண்டு.

இப்போது பல். இந்த மாடத்துக்கு நான் போக ஆரம்பித்ததே பல்லுக்காகத்தான். என் கணவருக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தபோது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பல் மருத்துவமனை, என்எச்எஸ் நோயாளிகளைப் புதிதாகச் சேர்ப்பதில்லை, தனியாகப் பணம் கட்டினால் அடுத்த வாரமே பார்க்கலாம் என்றது. அதே நாற்காலி, அதே மருத்துவர். இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. புரியவைத்தது அவையில் கேட்ட விவாதங்கள்தான்.

பல் மருத்துவர்களில் பெரும்பாலானவர்கள் என்எச்எஸ் ஊழியர்கள் கிடையாது, ஒப்பந்தக்காரர்கள். 2006 இல் வந்த ஒப்பந்தத்தில் வேலையை அலகுகளாக அளந்தார்கள். பரிசோதனைக்கு ஓர் அலகு, பல் அடைப்புக்கு மூன்று, செயற்கைப் பல் போன்றவற்றுக்குப் பன்னிரண்டு. ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று, ஒரே சிகிச்சையில் ஐந்து பல்லை அடைத்தாலும் அதே மூன்று. அப்படியானால் வருடக்கணக்கில் பல் மருத்துவரையே பார்க்காமல் வாயெல்லாம் சொத்தையோடு வருபவரைச் சேர்த்துக்கொண்டால் மருத்துவருக்கு நஷ்டம். சிகிச்சை அதிகம் தேவைப்படுபவரைத்தான் இந்த முறை வாசலில் நிறுத்திவிட்டது. புது நோயாளிகளைச் சேர்த்தால் அதற்கும் மதிப்புக் கொடுக்கும்படி வேல்ஸ் அரசு 2022 இல் ஒப்பந்தத்தை மாற்றிப் பார்க்கத் தொடங்கியது. புது நோயாளிகள் வந்தார்கள் என்று அரசு சொன்னது. பழைய நோயாளிகளைப் பார்க்க நேரமில்லாமல் மருத்துவர்கள் என்எச்எஸ்ஸை விட்டே போகிறார்கள் என்று எதிர்ப்பக்கம் சொன்னது. 2021 இல் தேர்வான அவையில் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு இருந்த ஒரே உறுப்பினர் ஜேன் டாட்ஸ். அவர் இந்தப் பல் விஷயத்தை விடாமல் எழுப்பினார். கிராமப்புற நடு வேல்ஸில் இருந்து வருகிறவர் என்பதால் அவருக்கு அது தெரிந்த வலி. ஒற்றை ஆளாக இருந்துகொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் ஒரு வேலைதான், அதை மதிக்கிறேன்.

கட்டண விஷயத்தையும் அங்கேதான் தெளிவாகத் தெரிந்துகொண்டேன். 2024 ஏப்ரலில் வேல்ஸில் என்எச்எஸ் பல் கட்டணங்கள் ஏறின. முதல் நிலை 14.70 பவுண்டில் இருந்து 20, இரண்டாவது 47 இல் இருந்து 60, மூன்றாவது 203 இல் இருந்து 260. அப்போதும் இங்கிலாந்தைவிடக் குறைவுதான். ஆனால் கால் பங்குக்கு மேல் ஒரேயடியாக ஏறியது சாதாரண விஷயம் இல்லை. 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சிகிச்சை இலவசம், 25 வயதுக்குள்ளும் 60 வயதுக்கு மேலும் பரிசோதனை இலவசம். பல் மருத்துவர் இல்லாதவர்கள் பெயரைப் பதிந்துகொள்ள இணையதளம் ஒன்று வந்திருக்கிறது. நம் ஆட்களில் பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை. பதிந்துவையுங்கள். கட்டணம் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள் என்று செவிலியராகவும் சொல்கிறேன். பல்லில் ஆரம்பித்த சீழ் தாடைக்கு இறங்கி, முகம் வீங்கி, நரம்பு வழியாக மருந்து ஏற்றும் நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இதில் வருத்தம் அதிகமாக இருப்பதற்குக் காரணம், இது வேல்ஸ் என்பதுதான். என்எச்எஸ்ஸை 1948 ஜூலை 5 அன்று தொடங்கிவைத்த அனைரின் பெவன், டிரெடீகர் ஊர்க்காரர். அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் சம்பளத்தில் இருந்து சிறு தொகை கட்டி நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர். 1951 ஏப்ரலில் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகியது எதற்கு? செயற்கைப் பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நோயாளியிடம் கட்டணம் வாங்கலாம் என்று பட்ஜெட்டில் வந்ததற்கு. பல் வேறு, உடம்பு வேறு என்று பிரிக்கும் பேச்சை அவர் ஏற்கவில்லை. மருந்துச் சீட்டுக்கு வேல்ஸில் 2007 ஏப்ரலில் இருந்து கட்டணம் கிடையாது; இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் கிட்டத்தட்ட 10 பவுண்டு. அந்தத் துணிவைக் காட்டிய அவை பல் விஷயத்தில் மட்டும் ஏன் பின்வாங்குகிறது என்பதுதான் என் கேள்வி. நல்லதையும் சொல்ல வேண்டும்: ‘டிசைன்ட் டு ஸ்மைல்’ திட்டத்தில் என் மகன் பள்ளியில் சக பிள்ளைகளோடு சேர்ந்து தினமும் பல் துலக்கினான். ஆசிரியை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். இத்தனை சின்னச் செலவில் இவ்வளவு பயன் தரும் வேறு சுகாதாரத் திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

ரயில் விவாதத்துக்கு வந்தால், அந்த அறையின் எல்லை தெரிந்துவிடும். இந்தியாவில் மருத்துவமனை மாநில அரசிடம், ரயில் ஒன்றிய அரசிடம் இருப்பது போலத்தான் இங்கேயும் கிட்டத்தட்ட. ரயிலை ஓட்டுவது வேல்ஸ் அரசின் டிரான்ஸ்போர்ட் ஃபார் வேல்ஸ்; 2021 பிப்ரவரி 7 அன்று தனியாரிடம் இருந்து அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் தண்டவாளம், சமிக்ஞை, நிலையம் எல்லாம் பெரும்பாலும் லண்டனின் பொறுப்பு. விதிவிலக்கு எங்கள் பள்ளத்தாக்குப் பாதைகள். 2020 மார்ச்சில் அவற்றை வேல்ஸ் அரசு தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. அந்தப் பாதைகளில்தான் மின்மயமாக்கல் நடந்தது, புது ரயில் வந்தது. கையில் இருந்தால் செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

கையில் இல்லாததற்குச் சான்று எச்எஸ்2. லண்டனில் இருந்து பர்மிங்காமுக்குப் போடும் அதிவேகப் பாதை. அதில் ஓர் அங்குலம்கூட வேல்ஸுக்குள் வராது. ஆனால் லண்டன் கருவூலம் அதை ‘இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான திட்டம்’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைக்கும் பங்குத்தொகை வேல்ஸுக்குக் கிடைப்பதில்லை. 400 கோடி பவுண்டு வர வேண்டும் என்று பிளைட் கம்ரி சொல்லிவருகிறது. 2025 இல் வேல்ஸின் லேபர் அரசு சொன்ன தொகை அதைவிட மிகவும் குறைவு. வகைப்படுத்தியது தவறு என்பதில் அவையில் கட்சி வேறுபாடில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலையில் லண்டனிலும் லேபர் ஆட்சி வந்த பிறகு கேள்வி கூர்மையாகிவிட்டது: உங்கள் கட்சிதானே அங்கே, ஏன் கேட்டு வாங்கவில்லை? 2025 இல் போக்குவரத்து அமைச்சர் கென் ஸ்கேட்ஸ், வடகிழக்கு வேல்ஸ் உறுப்பினர். பேச்சுவார்த்தை நடக்கிறது, திட்டங்கள் தயார் என்று அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். நிதானமான மனிதர்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அறையிலேயே இல்லை. மாடத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது நன்றாகவே உறைக்கும்.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். கார்டிஃபில் இருந்து வடக்கே ஹோலிஹெட்டுக்கு ரயிலில் போக வேண்டுமானால் நான்கரை மணி நேரத்துக்கு மேல். நடுவில் ஹெர்ஃபர்ட், ஷ்ரூஸ்பரி, செஸ்டர் என்று இங்கிலாந்துக்குள் போய்த்தான் திரும்ப வேல்ஸுக்குள் வர முடியும். வேல்ஸுக்குள்ளேயே அபரிஸ்ட்வித்தையும் கார்மார்தனையும் இணைத்த பாதையை 1965 இல் மூடிவிட்டார்கள். இனி சுகாதார விவாதத்துக்குத் திரும்புங்கள். பாவிஸ் பகுதியில் பெரிய பொது மருத்துவமனையே கிடையாது. அங்கே இருப்பவர்கள் அறுவை சிகிச்சைக்கு எங்கே போகிறார்கள்? அதே ஹெர்ஃபர்டுக்கும் ஷ்ரூஸ்பரிக்கும். ரயிலும் நோயாளியும் ஒரே வழியில் எல்லை தாண்டுகிறார்கள். கேள்வித்தாளில் இரண்டும் இரண்டு அமைச்சருக்குப் போகும், இரண்டு வேறு நாளில் வரும். ஒரே மாடத்தில் உட்கார்ந்து இரண்டையும் கேட்கிறவருக்குத்தான் அது ஒரே பிரச்சினை என்று தெரியும்.

மொழி ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண். உறுப்பினர்கள் வேல்ஷிலோ ஆங்கிலத்திலோ பேசுகிறார்கள், நினைத்த இடத்தில் மாறுகிறார்கள். வேல்ஷில் பேசும்போது காதுக்கருவியில் ஆங்கிலம் உடனுக்குடன் வந்துவிடும். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஷ் பேசுகிறவர்கள் 5,38,000 பேர், நூற்றுக்குப் பதினெட்டுகூட இல்லை. அவ்வளவு பேரின் மொழிக்கு நாடாளுமன்றத்தில் சம இடம் கொடுத்து, அதற்கு ஆள் போட்டு, செலவும் செய்கிறார்கள். தமிழ் பேசுகிற நான் அதை ஒவ்வொரு முறையும் பொறாமையோடும் மரியாதையோடும் கேட்கிறேன். மொழிபெயர்ப்பாளர்கள் மிகத் திறமையானவர்கள். கிண்டலைக்கூட விடமாட்டார்கள்.

நேரில் வர முடியாதவர்களுக்கு செனெத் டிவி இருக்கிறது. நேரலை, பழைய கூட்டங்கள், எல்லாம் இலவசம். பேசியதன் எழுத்துப் பதிவு 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். நைட் டூட்டி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அதைப் படிக்கலாம். சுகாதாரக் குழுவின் கூட்டங்களையும் பாருங்கள். சுகாதார வாரியத் தலைவர்களை எதிரே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேட்கும்போது யாரும் தப்பிக்க முடியாது. ஆனாலும் முடிந்தால் நேரில் போங்கள். கேமரா பேசுகிறவரை மட்டும் காட்டும். மாடத்தில் இருந்தால், தன் ஊர் மருத்துவமனையைப் பற்றிப் பேச்சு வரும்போது எந்த உறுப்பினர் நிமிர்கிறார், யார் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் தெரியும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் முறையான விசாவில் வேல்ஸில் வாழும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் செனெத் தேர்தலில் ஓட்டு உண்டு. 16 வயதில் இருந்தே உண்டு. பெயரைப் பதிந்தால் போதும். இந்த அவையை உருவாக்கிய 1997 வாக்கெடுப்பு வெறும் 6,721 ஓட்டு வித்தியாசத்தில்தான் வென்றது.

இன்னும் ஒரு மாற்றம். 2026 மே தேர்தலில் இருந்து 60 உறுப்பினர்களுக்குப் பதில் 96 பேர். அதற்காக மண்டபத்தையே மாற்றிக் கட்டும் வேலை 2025 இல் தொடங்கியது, அது நடந்தபோது கூட்டங்கள் பக்கத்து டீ ஹவல் கட்டடத்தில் நடந்தன. உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டியதை வீண்செலவு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 60 பேர் இருந்தபோது அமைச்சர்களையும் அவைத் தலைவரையும் கழித்தால், அரசைக் கேள்வி கேட்டுக் குழுக்களில் உட்கார மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரே ஆள் இரண்டு குழுவில் ஓடிக்கொண்டிருந்தார். அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி சுகாதாரத்துக்கும் பராமரிப்புக்கும் போகும் இடத்தில், அதைக் கேட்கக் கூடுதல் ஆள் வேண்டும்தான்.

நாலரையில் நிறுத்தியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: நேரம். மதியம் ஒன்றரை மணி, வாரநாள். ஷிப்டில் இல்லாத செவிலியரும் ஓய்வு பெற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் வர முடியும். பல் மருத்துவருக்காகக் காத்திருக்கும் கடைக்காரர், தினமும் ரயிலில் போகும் அலுவலகப் பெண், இவர்களால் வர முடியாது. சுகாதாரக் கேள்வி நேரத்தை எப்போதாவது ஒரு மாலை ஆறு மணிக்கு வைக்கலாம். இந்த அவையில் மனு கொடுக்க 250 கையெழுத்து இருந்தால் மனுக் குழு அதை எடுத்துப் பேசியாக வேண்டும்; 10,000 சேர்ந்தால் அவையிலேயே விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். மாலைக் கூட்டம் கேட்டு ஒரு மனு எழுதலாம் என்று வார்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். 250 பேர் எங்கள் மருத்துவமனை கேன்டீனிலேயே கிடைப்பார்கள். அதற்கு மேல் சேர்க்க, இதைப் படிக்கும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.